கட்டைவிரலும் தகர டப்பாவும்

ஆம்பூரில் எங்கள் வீட்டில் மூன்று எண்ணெய் வாசனை இருந்தது. அடுக்களையில் நல்லெண்ணெய். டேனரியிலிருந்து திரும்பும் அப்பாவின் சட்டையில் தோல் எண்ணெய். வாசலில் நின்ற புல்லட்டின் அடியில், சிமெண்டுத் தரையில் எட்டணா அளவுக்குக் கறுத்துக் கிடந்த எஞ்சின் ஆயில். மார்கழி மாதம் அம்மா கோலம் போடும்போது அந்தக் கறையையும் ஒரு புள்ளியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு சுற்றிலும் இழை இழுப்பாள்.

அப்பா டேனரியில் ஃபினிஷிங் மேஸ்திரி. பதினோரு வருடம் சேர்த்த பணத்தில், 1979ஆம் ஆண்டு, மெட்ராஸில் ஒருவரிடமிருந்து 1972 மாடல் புல்லட்டை செகண்ட் ஹாண்டில் வாங்கினார். வண்டி வந்த அன்று சாயங்காலமே ஒரு நோட்டுப் போட்டார். தோல் கணக்கு எழுத டேனரியில் கொடுக்கும் நீள நோட்டு அது. பென்சிலால் நான்கு பத்தி பிரித்தார்: தேதி, கிலோமீட்டர், ஆயில், விரல்.

முதல் மூன்றும் எனக்குப் புரிந்தன. நான்காவது என்ன என்று கேட்டேன்.

“பாய் கடைக்கு வா, தெரியும்” என்றார்.

பாயின் ஒர்க் ஷாப் பேர்ணாம்பட்டு ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் இருந்தது. ஓலைச் சாய்ப்பு, ஒரு மர பெஞ்சு, சுவரில் ஸ்பேனர்கள். ஆயில் மாற்றும் நாளில் அப்பா என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, முதலில் மாதனூர் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவார். வண்டி நன்றாகச் சூடேறிய பிறகுதான் பாய் அதைத் தொடுவார். “ஆறிப்போன ஆயில எறக்குனா தண்ணியா இருக்கறது மட்டும்தான் வரும் தம்பி. அழுக்கு அடியிலயே குந்திக்கும். சூட்டுல எறக்குனா எல்லாத்தையும் இழுத்துக்கினு வரும்.”

அடியில் உள்ள திருகுகளைக் கழற்றுவார். வெட்டிய டின் ஒன்றில் கறுப்பாக ஓடி விழும். அந்த ஒழுக்கில் வலது கட்டைவிரலை நனைத்து, ஆள்காட்டி விரலோடு சேர்த்து மெதுவாகத் தேய்ப்பார். கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். காது கொடுத்துக் கேட்பவர் போல நிற்பார். பிறகு மூக்கருகே கொண்டுபோவார். பெட்ரோல் வாசனை அடித்தால் கார்புரேட்டர் வழிகிறது என்று பொருள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. விரலுக்கிடையில் மணல் போல நெருடினால் எங்கோ இரும்பு தேய்கிறது. வெயிலில் பிடித்துப் பார்க்கையில் பொன்னிறமாக மின்னினால் புஷ் தேய்கிறது.

“பொடி இல்ல மேஸ்திரி.”

அப்பா சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து நான்காவது பத்தியில் எழுதுவார்: பொடி இல்லை.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாமல் அதற்கு ஏற்ற எண்ணெயைப் பேச முடியாது. 1955ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 346 சிசி, ஒற்றை சிலிண்டர், 70 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். சிலிண்டர் வார்ப்பிரும்பு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். காற்றைத் தவிர அதைக் குளிர வைக்க வேறு எதுவும் கிடையாது. இரும்பு மெல்லச் சூடாகும், சூடானால் மெல்லத்தான் ஆறும். அதனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இன்றைய வண்டிகளை விடத் தாராளமாக இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் நிற்க வேண்டியது எண்ணெய்.

எண்ணெய் கிராங்க் கேஸின் பின்பக்கம், அதோடு சேர்த்தே வார்த்த தொட்டியில் இருக்கும். இரண்டே கால் லிட்டருக்குக் கிட்டப் பிடிக்கும். டைமிங் பக்கம் இரண்டு பம்புகள். ஒன்று தொட்டியிலிருந்து கிராங்குக்கு எண்ணெயைத் தள்ளும். மற்றது கீழே வடிந்து தேங்கியதை உறிஞ்சி, தலைக்கு மேலே ராக்கர்களை நனைத்து, திரும்பவும் தொட்டிக்கு அனுப்பும். வடிகட்ட இருப்பது ஒரு கம்பளி ஃபில்டர் மட்டுமே. புது ஆயில் ஊற்றியதும் பாய் எஞ்சினை ஓடவிட்டு, ராக்கருக்குப் போகும் சன்னக் குழாயின் திருகை ஒரு சுற்றுத் தளர்த்துவார். அங்கே எண்ணெய் கசிந்து பளபளத்தால் உடம்பு முழுக்க ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் வண்டியை எடுக்க விடமாட்டார்.

ஆயில் பீப்பாயிலிருந்து லிட்டர் கணக்கில் அளந்து வரும். பாய் பார்ப்பது ஒரே ஒரு எண். கத்திரி வெயில் தொடங்குமுன் நாற்பது. ஐப்பசி அடைமழை பிடித்ததும் முப்பது. சூட்டில் எண்ணெய் இளகும். இளகினால் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே திரை கிழிந்துபோகும். வேலூர்ப் பக்கத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது ஒவ்வொரு கோடையிலும் நடப்பது. ஆகவே வெயிலுக்குக் கெட்டியான எண்ணெய். குளிர்ந்த விடியலில் அதே எண்ணெய் பாகு போல நிற்கும், கிக்கரை மிதிக்கவே முடியாது; மேலே ராக்கருக்கு ஏறவும் நேரமாகும். ஆகவே மழைக்கும் பனிக்கும் இளகிய எண்ணெய். பாய் ஊரின் பருவத்தைத்தான் எஞ்சினுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“இதுக்கு மூணு வயிறு தம்பி. மூணுக்கும் வேற வேற சாப்பாடு” என்பார். எஞ்சினுக்கு ஒன்று. கிளட்சும் பிரைமரி செயினும் இருக்கும் இடப்பக்க மூடிக்குள் அரை லிட்டருக்கும் குறைவாக, இளகின ஆயில். தனியாக நிற்கும் கியர் பாக்ஸுக்குக் கெட்டியான 90ஆம் நம்பர் ஆயிலும் கூடவே கிரீஸும். ஒன்றின் உணவை மற்றதற்கு ஊற்றினால் அது உடனே கோபித்துக்கொள்ளாது, ஆறு மாதம் கழித்துத்தான் காட்டும் என்பது அவர் எச்சரிக்கை.

* * *

விரலால் எண்ணெயைப் படிக்கும் இன்னொருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை அப்பா என்னை டேனரிக்குக் கூட்டிப்போனார். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தப் பட்டையில் அன்றைக்கும் பல இடங்களில் பட்டைத் தோல் செய்துகொண்டிருந்தார்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் ஊறிய தொட்டிகளில் தோல் வாரக்கணக்கில் கிடந்து பதமாகும். ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் கடல் கடந்து போனது அதுதான். தொட்டியிலிருந்து எடுத்த தோலைப் பார்த்தேன். பட்டைச் சாறு குடித்து நல்ல நிறத்தில் இருந்தது. ஆனால் கையில் அப்பளம் போல விறைத்தது.

“இது இன்னும் தோலாவல. எண்ணெ குடிச்சாத்தான் தோலு” என்றார் அப்பா.

ஒரு துண்டை நான்காக மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினார். மேல்பரப்பில் முடி போல ஒரு விரிசல் ஓடியது. பக்கத்தில் எண்ணெய் தேய்த்து உலர்த்திய இன்னொரு தோல். அதை மடித்தார். பூனைக்குட்டியின் கழுத்துத் தோல் மாதிரி மடங்கியது, விட்டதும் திரும்பியது. “கொறைஞ்சா வெடிக்கும். கூடுனா தளந்துபோவும், மேல சாயம் ஒட்டாது. எவ்ளோன்னு விரலுக்குத்தான் தெரியும்.”

தோலின் நாருக்கும் நாருக்கும் நடுவே எண்ணெய் புகுந்து, உலரும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கச் செய்கிறது. எஞ்சினிலும் அதே வேலைதான். இரண்டு இரும்புகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வது. டேனரியில் ஊற்றும் எண்ணெய்களில் ஒன்று கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்தி நீரோடு கலக்கும்படி செய்த ஆமணக்கெண்ணெய். அம்மா எங்களுக்கு வயிறு சுத்தமாகக் கொடுத்த அதே விளக்கெண்ணெய். பாயின் கடையில் தொங்கிய தகரப் பலகையில் இருந்த காஸ்ட்ரால் என்ற பெயரும் அந்த ஆமணக்கிலிருந்து பிறந்ததுதான் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். 1899இல் சார்லஸ் வேக்ஃபீல்டு லண்டனில் தொடங்கிய நிறுவனம், 1909இல் ஆமணக்கெண்ணெய் கலந்த எஞ்சின் ஆயிலுக்கு வைத்த பெயர் அது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரே அதற்கு வேர். முதல் உலகப் போர்க்கால விமானங்கள் பலவற்றின் எஞ்சின்கள் ஆமணக்கெண்ணெயில் ஓடின. கடும் சூட்டிலும் இரும்பை விட்டு விலகாத குணம் அதற்கு உண்டு. ஆனால் நாள்பட்டால் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். ஓட்டப் பந்தயத்துக்கு அது சரி, தினம் ஓடும் வண்டிக்கு ஆகாது.

எந்த எண்ணெயும் எல்லாவற்றுக்கும் உத்தமம் இல்லை. எதற்கு, எந்த ஊரில், எந்தப் பருவத்தில் என்று கேட்ட பிறகே அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். பாயும் அப்பாவும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர்கள் விரல்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

* * *

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை 1970களிலேயே மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. ஆவாரம்பட்டைத் தொட்டிகள் குறைந்தன. குரோம் வந்தது, வாரங்கள் எடுத்த வேலையை டிரம்களில் ஓரிரு நாளில் முடித்தது. ஊரில் ஷூ கம்பெனிகள் எழுந்தன. காலையில் ஷிஃப்டுக்குப் போகும் பெண்களின் கூட்டத்தில் எங்கள் தெரு நிறைந்தது. பல குடும்பங்களுக்கு முதல் மாதச் சம்பளம் வந்தது அந்தக் கூட்டத்தால்தான்.

வண்டிகளும் மாறின. 1985இல் ஹீரோ ஹோண்டா வந்தது. லிட்டருக்கு அது ஓடும் தூரத்தைக் கேட்டு அப்பாவின் நண்பர்கள் ஒவ்வொருவராகப் புல்லட்டை விற்றார்கள். அப்பா விற்கவில்லை. 1994இல் அவர் ஓய்வு பெற்றார். அதே வருடம் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் நிறுவனத்தோடு இணைந்து ராயல் என்ஃபீல்டு ஆனது. அப்பாவின் முட்டி வலி கிக்கரை மிதிக்க விடவில்லை. வண்டி பின்கட்டுக்குப் போனது. நோட்டின் கடைசி வரி அந்த வருடத்து ஆவணி மாதத்தோடு நிற்கிறது: நாற்பது. பொடி இல்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றையும் அதைச் சுற்றியுள்ள கிணறுகளையும் தோல் கழிவு கெடுத்ததை ஏற்றுக்கொண்டது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், கெடுமுன் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார். தன் உழைப்பைப் பற்றி யாரோ எழுதிய கணக்கைப் பார்ப்பவர் போல இருந்தார். “நம்ம கையி சோறு போட்டுச்சு. ஆனா ஆத்துக்கும் நம்மதான் பதில் சொல்லணும்” என்றார். எனக்கு அன்றைக்கு அந்த வாக்கியத்தின் கனம் முழுதாகப் புரியவில்லை.

2003இல் அப்பா போனார். பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. புளியமரம் ரோடு அகலமானபோது போயிற்று.

* * *

2015இல் பின்கட்டுக் கதவைத் திறந்து வண்டியை வெளியே உருட்டினேன். இருபத்தொரு வருடம் நின்ற இரும்பு. வேலூரில் ஒரு மெக்கானிக் கிடைத்தார். சிறுவனாக இருந்தபோது பாயிடமே தொழில் பழகியவர் என்று பேச்சுவாக்கில் தெரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கழுவி, புஷ்ஷும் ரிங்கும் மாற்றிக் கொடுத்தார். “ஆயில் மட்டும் பாத்து வாங்குங்கண்ணே” என்றார்.

ஆயில் கடைக்குப் போனால் கண்ணாடி அலமாரி முழுக்க டப்பாக்கள். அன்று ஒரு பீப்பாயும் ஒரு எண்ணும் இருந்த இடத்தில் இன்று முப்பது பெயர்கள், ஒவ்வொன்றின் முதுகிலும் நான்கு வரி ரகசிய எழுத்து. “புல்லட்டா சார்?” என்று கேட்டுக் கடைக்காரர் விலை கூடியதை எடுத்து வைத்தார். முழு சிந்தடிக், 10டபிள்யூ-30. நம் வண்டிக்கு நல்லதைத்தான் ஊற்ற வேண்டும் என்ற ஆசையில் வாங்கி ஊற்றினேன்.

முன்னூறு கிலோமீட்டரில் எஞ்சின் குரல் மாறியது. டேப்பட் கணகணவென்று அடித்தது. ராக்கர் மூடியின் ஓரங்கள் நனைந்தன. ஏலகிரி மலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே நிறுத்தியபோது எஞ்சினிலிருந்து காய்ந்த இரும்பின் வாசனை வந்தது. மெக்கானிக் ஆயிலை இறக்கினார். பாயைப் போலவே விரலில் தேய்த்தார். உடனே டப்பாவைக் கேட்டார். “ஆயில் மேல தப்பு இல்லண்ணே. நல்ல ஆயில்தான். இந்த வண்டிக்கு இல்ல.”

அன்று இரவு அந்த டப்பாவின் முதுகை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தின் பின்னாலும் போனேன். பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

20டபிள்யூ-50 என்றால், நடுவில் உள்ள டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. குளிரில் அந்த எண்ணெய் 20ஆம் எண் குளிர்கால எண்ணெயைப் போல இளகி ஓடும். 100 டிகிரி செல்சியஸ் சூட்டிலோ 50ஆம் எண் எண்ணெயின் கெட்டியோடு நிற்கும். சூட்டில் விரியும் நீளமான பாலிமர் இழைகளைக் கலந்து இதைச் சாதிக்கிறார்கள். பாய் வருடத்துக்கு இரண்டு முறை செய்த மாற்றத்தை இந்த எண்ணெய் ஒவ்வொரு நாளும் தனக்குள் செய்துகொள்கிறது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு, நம் வெயிலுக்கு, இதுதான் பொருத்தம். கியர் பற்களுக்கிடையில் அரைபட்டால் அந்த இழைகள் நறுங்கிப்போகும். பழைய புல்லட்டில் கியர் பாக்ஸ் தனியாக இருப்பதால் அந்தக் கவலையும் குறைவு. 10டபிள்யூ-30 கெட்ட எண்ணெய் இல்லை. சின்ன இடைவெளி உள்ள புது எஞ்சினுக்குச் செய்தது. என் எஞ்சினின் பெரிய இடைவெளியில் அது நிற்காமல் வழிந்தது.

அடுத்து எஸ் என்று தொடங்கும் எழுத்து ஜோடி. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறியீடு. எஸ்ஏ தொடங்கி, 2001இல் எஸ்எல், 2010இல் எஸ்என், 2020இல் எஸ்பி என்று வந்திருக்கிறது. எழுத்து ஏற ஏற எல்லா எஞ்சினுக்கும் நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஒரு விஷயத்தில் மட்டும் நிதானிக்க வேண்டும். புல்லட்டின் கேம், தட்டையான டேப்பட்டின் மேல் உரசி ஓடுகிறது. அந்த உரசலைத் தாங்க எண்ணெயில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளைக் கலக்கிறார்கள். இரும்பின் மேல் அது தியாகப் படலமாக நின்று தான் தேய்ந்து இரும்பைக் காக்கும். ஆனால் பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் காட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது. அதனால் புதிய தரங்களில் இளகிய ரகங்களுக்கு அதன் அளவை 0.08 சதவீதத்துக்குள் அடக்கினார்கள். 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ரகங்களை அந்த வரம்பு கட்டுப்படுத்துவதில்லை. கன்வெர்ட்டர் இல்லாத பழைய வண்டிக்குக் கெட்டி ரகமே காப்பு என்பதற்கு இது இன்னொரு காரணம்.

மூன்றாவது, ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2. 1998இல் ஜப்பானியர்கள் மோட்டார் சைக்கிளுக்கென்றே வகுத்த தரம். எண்ணெயில் நனைந்து ஓடும் கிளட்சு வழுக்காது என்று அது உறுதி சொல்கிறது. பிற்காலத்தில் புது வடிவ எஞ்சினோடு வந்த புல்லட்டுகளில் எஞ்சின், கிளட்சு, கியர் மூன்றும் ஒரே எண்ணெயைக் குடிக்கின்றன. அவற்றுக்கு இந்த முத்திரை உயிர். அவற்றுக்கு நிறுவனம் சொல்வது 15டபிள்யூ-50. அப்பா காலத்துப் புல்லட்டுக்கோ மூன்று வயிறு. கடையில் “புல்லட் ஆயில்” என்று ஒரே சொல்லால் கேட்கக் கூடாது. எந்த வருடத்துப் புல்லட் என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

நான்காவது பாடத்தைச் சொல்லித்தந்தது எந்த டப்பாவும் இல்லை. மூன்று வாரம் வண்டியை எடுக்காமல் விட்டு, ஒரு காலை அளவுகோலை எடுத்துப் பார்த்தேன். ஆயில் நுனியைக் கூடத் தொடவில்லை. குறைந்துவிட்டது என்று அரை லிட்டர் ஊற்றினேன். ஸ்டார்ட் செய்ததும் தெருவை மறைக்கும் அளவுக்கு நீலப் புகை. மூச்சுக் குழாய் வழியாக ஆயில் கொப்பளித்தது. நின்ற நாட்களில் தொட்டி எண்ணெய் பம்பைத் தாண்டி மெல்லக் கிராங்கின் அடிக்கு வடிந்திருக்கிறது. அது எங்கும் போகவில்லை. இடம் மாறி இருந்தது. இந்த எஞ்சினில் சில நிமிடம் ஓட்டி, நிறுத்தி, எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிய பிறகே அளவு பார்க்க வேண்டும். கூடினால் தளரும் என்று அப்பா தோலைக் காட்டிச் சொன்னது அந்தப் புகைக்கு நடுவே ஞாபகம் வந்தது.

இவற்றை எல்லாம் கூட்டிப் பார்த்தால் முடிவு எளியது. நம்பகமான கடையில், சீல் உடையாத டப்பாவில், மினரல் 20டபிள்யூ-50. 2,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றம். விலை உயர்ந்த எண்ணெயை ஊற்றி நாள் கடத்துவதை விட, நடுத்தர விலை எண்ணெயை அடிக்கடி மாற்றுவது இந்த எஞ்சினுக்கு நல்லது. கம்பளி ஃபில்டர் பிடிக்காமல் விடும் பொடியை வெளியேற்ற வேறு வழி இல்லை. அழுக்கு, எண்ணெயோடு சேர்ந்து வெளியே போக வேண்டும்.

டப்பாவின் எழுத்தை அறியாமல் பாயின் விரலை மட்டும் நம்பியிருந்தால் நான் துத்தநாகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன். எழுத்தை மட்டும் நம்பியிருந்தால் பொன்னிறப் பொடி மின்னும் நாளில் அதைப் பார்க்காமலே விட்டிருப்பேன். எண்ணெய் உள்ளே போகும்போது படிக்க வேண்டியது டப்பாவை. வெளியே வரும்போது படிக்க வேண்டியது விரலால்.

* * *

வெளியே வந்த எண்ணெய் எங்கே போகிறது?

சின்ன வயதில் நான் கேட்காத கேள்வி இது. பாயின் கடையில் அந்தக் கறுப்பு எண்ணெய் சிலவேளை சென்ட்ரிங் பலகைக்குப் போகும். சிலர் கரையான் பிடித்த விட்டத்துக்குப் பூச வாங்கிப் போவார்கள். மிச்சத்தைக் கடைக்குப் பின்னால் மண்ணில் ஊற்றுவார்கள். அந்தச் சரிவு ஓடைக்குப் போகும். ஓடை பாலாற்றுக்குப் போகும். மழை பெய்தால் ஓடையின் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். அழகாக இருக்கிறது என்று நின்று பார்ப்பேன்.

2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியது. ஊரே பாலத்தில் நின்றது. நானும் புல்லட்டில் போனேன். வருடக்கணக்கில் மணலும் முள்ளுமாகப் பார்த்த ஆறு, செந்நிறமாக, மரங்களைச் சுமந்துகொண்டு, சத்தத்தோடு போனது. பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணீர் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளம் எங்கள் மண்ணில் எத்தனை வருடத்துக் கறையைக் கழுவிக்கொண்டு போகிறது என்று நினைத்தபோது அப்பாவின் வாக்கியத்தின் முழுக் கனமும் என் மேல் இறங்கியது. டேனரிகளுக்கு நீதிமன்றம் கேட்ட கேள்வியை என் இரண்டு லிட்டருக்கு நானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

பழைய எஞ்சின் ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் 1 முதல், எண்ணெய் தயாரித்து விற்பவர்களே பழைய எண்ணெயை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. பழைய எண்ணெய் சாகாது. அழுக்கைப் பிரித்துச் சுத்திகரித்தால் மறுபடி எண்ணெயாகும். ஆனால் தண்ணீரோ வேறு எதுவோ கலக்காமல் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் புது ஆயில் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி மூடி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு மொத்தமாக அனுப்பும் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுக்கிறேன். வேலூருக்கு 50 கிலோமீட்டர். மாற்றிய ஆயிலின் முதல் ஓட்டமாகவும் அது ஆகிவிடுகிறது. மாதனூர், பள்ளிகொண்டா என்று பழைய ஊர்களை நான்கு வழிச் சாலையின் ஓரத்தில் தேடிக்கொண்டே, பின்சீட்டில் கட்டிய டப்பாவோடு, எஞ்சின் நிதானமாகப் பேசிக்கொண்டு வர, போய்வருகிறேன்.

அப்பாவின் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 1994 ஆவணிக்குக் கீழே ஒரு கோடு கிழித்து, 2015இலிருந்து என் கையெழுத்து தொடங்குகிறது. தேதி, கிலோமீட்டர், ஆயில், விரல் என்ற நான்கு பத்திகளையும் அப்படியே வைத்திருக்கிறேன். வெள்ளம் வந்த அந்த வருடம், வலது ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் பென்சிலால் ஐந்தாவது பத்தி ஒன்று பிரித்து, தலைப்பில் “பழசு எங்கே” என்று எழுதினேன். போன மாதத்து வரி இது: 20டபிள்யூ-50. பொடி இல்லை. திருப்பிக் கொடுத்தாயிற்று.